பாஸ் மீனுக்கு ராடு, ரீல், லூர் வாங்குவது எப்படி? லூரிலிருந்து தொடங்குங்கள்

பாஸ் பிடிக்கப் போகிறோம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் வாங்குவது ராடு, அதாவது தூண்டில் கோல். அப்புறம் அதற்குப் பொருந்துமா என்று பார்க்காமல் ஒரு ரீல் (நரம்பு எனப்படும் தூண்டில் நூலைச் சுற்றும் கருவி). கடைசியில், கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிற பளபளப்பான லூர் (செயற்கை இரை) நாலைந்து. என்னைக் கேட்டால் இந்த வரிசையே தலைகீழ். மீன் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து லூர். லூரின் எடையையும் முள்ளின் தடிமனையும் பொறுத்து நரம்பு, ராடு. ரீல் கடைசியில்தான். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

நான் எழுதுவது டெக்சஸில் டாலஸைச் சுற்றியுள்ள ஏரி, குளங்களை வைத்து. ஃப்ரிஸ்கோ, பிளேனோ, இர்விங் பக்கம் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாலையில் நடக்கப் போகும் காலனிக் குளத்திலேயே பாஸ் இருப்பது பலருக்குத் தெரியாது. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் விதிமுறைகளை மட்டும் தங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பொருந்தும்.

மீனைப் பற்றி முதலில்

இங்கே பாஸ் என்றால் பெரும்பாலும் லார்ஜ்மவுத் பாஸ். பெரிய வாய்க்காரன். ஓடித் துரத்துவதை விட ஒளிந்திருந்து பாய்வதுதான் இதன் பழக்கம். பாசி ஓரம், தண்ணீரில் மூழ்கிய மரக்கட்டை, படகுத்துறையின் நிழல், பாறைச் சரிவு என்று ஏதாவது ஒரு மறைவை ஒட்டி நிற்கும். ஷாட் என்னும் வெள்ளிநிறச் சிறுமீன், புளூகில், நன்னீர் கிராஃபிஷ் (இறால் போன்றது), தவளை எல்லாம் இதற்குச் சாப்பாடு. கடித்துப் பிடிப்பதில்லை, வாயைத் திடீரென்று விரித்துத் தண்ணீரோடு சேர்த்து இரையை உள்ளே உறிஞ்சும். பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பிவிடும். இந்த உறிஞ்சல், துப்பல் இரண்டுக்கும் நடுவில் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் ரொம்பக் குறைவு. ராடு நல்லதா இல்லையா என்பது அந்த நேரத்தில்தான் தெரியும்.

எவ்வளவு பெரிது? காலனிக் குளத்தில் கிடைப்பவை பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று பவுண்டு. டெக்சஸ் மாநில சாதனை 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் லேக் ஃபோர்க் ஏரியில் பிடிபட்டது. உலக சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ்: 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல். அந்தச் சின்ன வித்தியாசம் போதாது என்பதால் இரண்டையும் சமம் என்றே பதிவு செய்திருக்கிறார்கள். இந்தக் கணக்கெல்லாம் எதற்கென்றால், கடைக்காரர் 20 பவுண்டு மீனுக்கான சாமானைக் காட்டும்போது நீங்கள் சிரித்துவிட்டு நகரலாம்.

படி 1: எந்தத் தண்ணீர்?

வாங்குவதற்கு முன் உங்கள் தண்ணீரை ஒருமுறை சுற்றி வாருங்கள். மூன்றே கேள்விகள். கரையிலிருந்தா, படகிலிருந்தா? தண்ணீர் தெளிவா, கலங்கலா? பாசியும் கட்டையும் அதிகமா, வெறும் மண் தரையா?

காலனிக் குளங்களில் கரையோரம் பாசி இருக்கும், நடுவில் ஆழம் அதிகமிருக்காது. லூயிஸ்வில், ரே ஹப்பர்ட் போன்ற பெரிய ஏரிகளில் காற்று அதிகம், தண்ணீர் பெரும்பாலும் கலங்கல். டாலஸுக்குக் கிழக்கே இருக்கும் லேக் ஃபோர்க் தனி ரகம். 1980இல் அணை கட்டி முடித்தபோது காட்டு மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் அப்படியே மூழ்கவிட்டார்கள். அங்கே மெல்லிய நரம்போடு போனால் முதல் நல்ல மீனே மரத்தைச் சுற்றிக்கொண்டு அறுத்துவிடும்.

தெளிந்த தண்ணீர், மறைவு குறைவு என்றால் சின்ன லூர், மெல்லிய நரம்பு, மென்மையான ராடு. கலங்கல், கட்டை, பாசி என்றால் பெரிய லூர், தடித்த நரம்பு, விறைப்பான ராடு.

படி 2: லூர்

கடைச் சுவரில் நூற்றுக்கணக்கில் தொங்கும். பாதி லூர்கள் மீனைப் பிடிப்பதற்கு முன் மனிதரைப் பிடிப்பதற்காகச் செய்தவை. தொடக்கத்துக்கு ஐந்து வகை போதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிறம், அதற்கு மேல் வேண்டாம்.

முதலாவது, 5 அங்குல ஸ்டிக் வார்ம். கேரி யமமோட்டோ நிறுவனத்தின் செங்கோ என்ற பெயரில் பிரபலமானது. இப்போது எல்லா நிறுவனமும் செய்கிறது. பார்த்தால் ஒரு குச்சி, அவ்வளவுதான். ஆனால் பிளாஸ்டிக்கில் உப்பு கலந்திருப்பதால் குண்டு கட்டாமலே தூரம் போகும். தண்ணீரில் மெதுவாக, இரண்டு முனையும் லேசாக நடுங்கியபடி இறங்கும். நடுவில் ஒரு முள்ளைக் குத்தி வீசினால் அதற்கு வாக்கி ரிக் என்று பெயர். வீசுங்கள், நரம்பைத் தளர்வாக விட்டு இறங்க விடுங்கள், நரம்பைப் பாருங்கள். நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தால் மீன் எடுத்துவிட்டது. ஐந்தில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதையே வாங்கச் சொல்வேன்.

இரண்டாவது, டெக்சஸ் ரிக்கில் மாட்டும் புழு அல்லது கிராஃபிஷ் வடிவப் பிளாஸ்டிக். 1949இல் நிக் க்ரீம் என்பவர் ஒஹாயோவின் ஏக்ரன் நகரில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் புழுவைக் கொண்டுவந்தார்; பிற்பாடு தொழிற்சாலையை இந்த மாநிலத்தின் டைலர் நகருக்கே மாற்றினார். லேக் ஃபோர்க்கிலிருந்து டைலர் அதிக தூரமில்லை. மரங்களுக்குள்ளும் பாசிக்குள்ளும் மாட்டாமல் போய்வர இதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை.

இதை மாட்டும் விதம் சரியாக வர வேண்டும், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். முதலில் நரம்பில் துப்பாக்கிக் குண்டு வடிவ எடையைக் கோத்துவிடுங்கள், கூர்முனை ராடு பக்கம் இருக்கட்டும். அப்புறம் 3/0 அளவு ஆஃப்செட் முள்ளைக் கட்டுங்கள். இந்த முள்ளின் கழுத்தில் ஒரு சின்ன மடிப்பு இருக்கும். புழுவின் தலையில் முள்முனையைக் கால் அங்குலம் நேராக உள்ளே விட்டு, பக்கவாட்டில் வெளியே எடுங்கள். புழுவை முள்ளின் மேல் நகர்த்திக் கழுத்து மடிப்புக்குக் கொண்டுவந்து, முள்ளைத் திருப்புங்கள். இப்போது முள்ளின் வளைவு புழுவின் உடலில் எங்கே தொடுகிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த இடத்தில்தான் முனை உள்ளே போக வேண்டும். புழுவைச் சற்றே சுருக்கிப் பிடித்து, முனையை மறுபக்கம் வரை குத்தி எடுங்கள். வெளியே வந்த முனையைப் புழுவின் தோலுக்குள் மெல்லிசாகச் செருகிவிட்டால் பாசியில் மாட்டாது. கடைசியாகத் தூக்கிப் பாருங்கள்: புழு ஸ்கேல் வைத்தது போல நேராகத் தொங்க வேண்டும். வளைந்திருந்தால் இழுக்கும்போது சுழலும், நரம்பு முறுக்கிக்கொள்ளும், மீனும் கிட்டே வராது. கழற்றி மறுபடி மாட்டுங்கள், சோம்பல்பட வேண்டாம்.

எடை: குளத்துக்கு 3/16 அவுன்ஸ், ஏரிக்கு 1/4 அல்லது 3/8. டங்ஸ்டன் குண்டு ஈயத்தைவிடச் சிறியது, கடினமானது. தரையில் கல்லா மண்ணா என்பதைக் கைக்குச் சொல்லும். விலை கூடுதல். ஒரு பாக்கெட் வாங்கிப் பாருங்கள், அப்புறம் நீங்களே முடிவு செய்வீர்கள்.

மூன்றாவது ஸ்பின்னர்பெய்ட், 3/8 அவுன்ஸ். கம்பியின் ஒரு கையில் தகடு சுழலும், இன்னொரு கையில் முள்ளும் ரப்பர்ப் பாவாடையும். கலங்கல் தண்ணீரிலும் காற்றடிக்கும் நாளிலும் இதன் அதிர்வை வைத்தே மீன் தேடி வரும். வெள்ளை அல்லது வெள்ளையும் பச்சைமஞ்சளும். சும்மா வீசிச் சுற்றினாலே போதும் என்பதால் பிள்ளைகளுக்கும் புதியவர்களுக்கும் ஏற்றது.

நான்காவது கிராங்க்பெய்ட். இதில் இரண்டு. சதுர உதடு வைத்த ஸ்கொயர்பில், மூன்று நாலு அடி ஆழத்தில் கட்டைகளை இடித்துக்கொண்டே போகும். இடிக்கும் அந்த நொடியில்தான் பாஸ் அடிக்கும், அதனால் இடிக்க விடுங்கள். உதடே இல்லாமல் உள்ளே குண்டுமணி கிலுகிலுக்கும் லிப்லெஸ் வகை இன்னொன்று; ராட்-எல்-டிராப் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் கிழக்கு டெக்சஸ் ஏரிகளில் எந்தப் படகைப் பார்த்தாலும் ஒரு ராடில் சிவப்பு நிற லிப்லெஸ் கட்டியிருக்கும். கிராஃபிஷ் நடமாடத் தொடங்கும் காலம் அது. பாசியின் உச்சியை உரசும்படி இழுத்து, மாட்டினால் வெடுக்கென்று பிய்த்தெடுப்பார்கள்.

ஐந்தாவது, மேலே மிதப்பது. திறந்த தண்ணீருக்கு, இழுக்கும்போது தண்ணீரைத் தெறிக்கவைக்கும் பாப்பர், பாசி மூடிய குளத்துக்கு உள்ளீடற்ற ரப்பர் தவளை. மே முதல் அக்டோபர் வரை விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும் இதற்கு. நம்மூரில் ரப்பர் தவளை போட்டு விரால் பிடித்தவர்களுக்கு இது கைவந்த கலை. மேலே சளார் என்று தண்ணீர் தெறித்ததும் இழுத்துவிடாதீர்கள். நரம்பில் மீனின் கனம் தெரியட்டும், அப்புறம் பலமாக ஒரே இழுப்பு.

நிறத்துக்கு ஒரே கணக்கு. தெளிந்த தண்ணீருக்கு இயற்கை நிறங்கள்: கிரீன் பம்கின், வாட்டர்மெலன் எனப்படும் மங்கிய பச்சைகள். கலங்கலுக்குக் கறுப்பும் நீலமும் கலந்தது. ஷாட் மீனைப் போலச் செய்யும் எதற்கும் வெள்ளை, வெள்ளி. இதைத் தாண்டி நிறத்தைப் பற்றி இரவு முழுக்க வாதாடலாம், மீன் எண்ணிக்கை அதனால் பெரிதாக மாறாது.

பிளாஸ்டிக் புழுக்களை அவை வந்த பாக்கெட்டிலேயே வையுங்கள். ஒன்றாகக் கொட்டினால் நிறம் ஒன்றோடொன்று ஊறும். இசட்-மேன் நிறுவனத்தின் இலாஸ்டெக் வகைப் பொருளை மற்ற பிளாஸ்டிக்கோடு வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். டெக்சஸ் வெயிலில் காரின் பின்பெட்டியில் விட்டால் பாக்கெட்டோடு கூழ்தான்.

படி 3: நரம்பு

மூன்று வகை. மோனோ என்பது நமக்குப் பழக்கமான தங்கூசி நரம்பு: விலை குறைவு, மிதக்கும், நன்றாக நீளும். ஃபுளோரோகார்பன் மூழ்கும், தண்ணீரில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, உரசலைத் தாங்கும். ஆனால் விறைப்பாக இருப்பதால் ரீலிலிருந்து சுருள்சுருளாக வரும். பிரெய்டு என்பது பின்னிய நரம்பு: மெல்லியது, பலமானது, நீளவே நீளாது.

மேலே மிதக்கும் லூருக்கு ஃபுளோரோகார்பன் கட்டினால் நரம்பின் கனமே லூரின் மூக்கைக் கீழே இழுக்கும். அங்கே மோனோ அல்லது பிரெய்டு. டெக்சஸ் ரிக்குக்கு 15 பவுண்டு ஃபுளோரோகார்பன். தவளைக்கு 50 அல்லது 65 பவுண்டு பிரெய்டு. அவ்வளவு பெரிய மீன் வரும் என்பதற்காக அல்ல, மீனோடு சேர்ந்து வரும் பாசிக் குப்பையின் கனத்துக்காக. ஸ்பின்னிங் ரீலுக்கு 10 அல்லது 15 பவுண்டு பிரெய்டு போட்டு, முனையில் ஆறு ஏழு அடி 8 அல்லது 10 பவுண்டு ஃபுளோரோகார்பனை டபுள் யூனி முடிச்சில் இணைத்துவிடுங்கள். சுருளும் தொல்லை போய்விடும், மீன் கண்ணுக்கும் நரம்பு அவ்வளவாகப் படாது.

படி 4: ராடு

இப்போதுதான் ராடு. கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: நீளம், பவர், ஆக்ஷன், எத்தனை பவுண்டு நரம்பு, எத்தனை அவுன்ஸ் லூர். உதாரணமாக 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், 12 முதல் 20 பவுண்டு, 1/4 முதல் 1 அவுன்ஸ். விலைச் சீட்டுக்கு முன் இந்த வரியைப் படியுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த லூரின் எடை இந்த வரம்பின் நடுவில் விழ வேண்டும். வரம்பின் கீழ்முனையில் இருந்தால் ராடு வளையாது, லூர் தூரம் போகாது. மேல்முனையைத் தாண்டினால் ஒரு நாள் நுனி போய்விடும்.

பவரும் ஆக்ஷனும் ஒன்றல்ல. கடையில் வேலை செய்பவர்களே சில சமயம் குழப்பிச் சொல்வார்கள். பவர் என்பது ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது: லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி. ஆக்ஷன் என்பது எந்த இடத்தில் வளைகிறது என்பது. நுனியில் மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட் அல்லது எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட், பாதி வரை வளைந்தால் மாடரேட்.

எதற்கு எது என்பதற்கு முள்ளைப் பாருங்கள். டெக்சஸ் ரிக், தவளை இவற்றில் ஒற்றை முள், தடித்தது. அது பிளாஸ்டிக்கையும் கிழித்துக்கொண்டு மீனின் தாடையில் இறங்க வேண்டும், அதற்கு விறைப்பான ஃபாஸ்ட் ராடு வேண்டும். கிராங்க்பெய்ட்டில் மூன்று முனை கொண்ட மெல்லிய முட்கள். அவை தாமாகவே குத்திக்கொள்ளும். விறைப்பான ராடில் இழுத்தால் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதற்கு மீனோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும் மாடரேட் ராடு. கிராங்க்பெய்ட்டுக்குக் கண்ணாடியிழை ராடை விரும்புகிறவர்கள் இதனால்தான். கிராஃபைட் எடை குறைவு, அதிர்வை நன்றாகக் கைக்குக் கொண்டுவரும், ஆனால் அடிபட்டால் முறியும். இரண்டும் கலந்தவையும் உண்டு. அக்லி ஸ்டிக் அந்த வகை, முரட்டுக் கைக்கும் பிள்ளைகளுக்கும் தாங்கும்.

நீளத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 7 அடி எல்லாவற்றுக்கும் நடுவானது. குளத்தைச் சுற்றி மரக்கிளைகள் தாழ்வாக இருந்தால் ஆறரை அடி. தவளைக்கும் தூரம் வீசுவதற்கும் ஏழே கால். உட்கார்ந்து பிடிக்கும் கயாக்கில் கைப்பிடி நீளமாக இருந்தால் வயிற்றில் இடிக்கும், அதைக் கவனியுங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. பாக்கெட்டில் காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்று எடுத்துப் போங்கள். ராடிலுள்ள ஒவ்வொரு வளையத்தின் உட்புறமும் பஞ்சைச் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் பஞ்சின் இழை மாட்டும். அந்தக் கீறல் பிரெய்டு நரம்பை ஒவ்வொரு வீச்சிலும் அறுத்துக்கொண்டே இருக்கும். பழைய ராடு வாங்கும்போது இது கட்டாயம். அப்புறம், உங்கள் ரீலைப் பொருத்திப் பிடித்துப் பாருங்கள். நுனி தானாகத் தாழ்ந்தால் மாலைக்குள் மணிக்கட்டு வலிக்கும்.

காஸ்டிங் ராடா, ஸ்பின்னிங் ராடா என்பது ரீலைப் பொறுத்தது. காஸ்டிங் ராடில் ரீல் மேலே உட்காரும், அடியில் விரல் மாட்ட ஒரு கொக்கி இருக்கும். ஸ்பின்னிங் ராடில் ரீல் கீழே தொங்கும், முதல் வளையம் பெரிதாக இருக்கும். ஒன்றில் மற்றதை மாட்டாதீர்கள்.

படி 5: ரீல்

1/4 அவுன்ஸுக்குக் குறைந்த எதையும் வீசுவதற்கு ஸ்பின்னிங். அளவு 2500 அல்லது 3000 போதும். வீசியதும், நரம்பை வெளியே விடத் திறந்த வளைகம்பியைக் கையால் மூடுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடினால் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கேறும்.

தடித்த நரம்புக்கும் கனமான லூருக்கும் பெய்ட்காஸ்டர், காஸ்டிங் ராடில் மாட்டுவது. குறிபார்த்து வீசுவதற்கு இதுதான். பெட்டியில் 7.1:1 என்று போட்டிருந்தால், கைப்பிடி ஒரு சுற்றுக்கு, நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் 7.1 சுற்று. டெக்சஸ் ரிக்குக்கு 7 சுற்றுக்கு மேல் நல்லது, தளர்ந்த நரம்பைச் சட்டென்று இழுத்துக்கொள்ளலாம். கிராங்க்பெய்ட்டுக்கு 5 அல்லது 6. வேகமான ரீலில் மெதுவாகச் சுற்றுவோம் என்று நினைப்போம், கை கேட்காது. எல்லாவற்றுக்கும் ஒன்றே ஒன்று என்றால் 6.6 முதல் 7.1 வரை. பால் பேரிங் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போட்டு விற்பார்கள். அதைப் பார்த்து வாங்காதீர்கள். தரம் குறைந்த பத்தை விட நல்ல நாலு மேல்.

வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டியது, கைப்பிடி எந்தப் பக்கம் என்பது. ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டலாம். பெய்ட்காஸ்டரில் முடியாது. வலது கையில் வீசி, அதே கையில் ராடைப் பிடித்திருக்க விரும்பினால் இடப்பக்கக் கைப்பிடி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

பெய்ட்காஸ்டரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: வீசும்போது லூரைவிட வேகமாக ஸ்பூல் சுற்றி, நரம்பு குருவிக்கூடாகிவிடும். அதைத் தவிர்க்க, வீசுவதற்கு முன்பே ஒரு சரிசெய்தல். லூரைக் கட்டி, ராடை நேராக நீட்டிப் பிடியுங்கள். கைப்பிடிப் பக்கத்தில் உள்ள சின்னத் திருகை நன்றாக முறுக்குங்கள். பொத்தானை அழுத்தினால் லூர் அசையாது. இப்போது திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், லூர் மெதுவாக இறங்கத் தொடங்கும். அது தரையைத் தொட்ட உடனே ஸ்பூலும் நின்றால் சரி. இன்னும் சுற்றினால் அரைச் சுற்று முறுக்குங்கள். மறுபக்கத்திலுள்ள காந்தப் பிரேக்கைப் பத்தில் எட்டில் வையுங்கள். வீசும்போது கட்டைவிரல் ஸ்பூலின் மேல் இறகு மாதிரி பட்டும் படாமலும் இருக்கட்டும். லூர் தண்ணீரைத் தொடும் கணத்தில் அழுத்தி நிறுத்துங்கள். விரலுக்குப் பழகப் பழக பிரேக்கை ஒவ்வொரு எண்ணாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். காற்றுக்கு எதிராக வீசும்போது மறுபடி கூட்டுங்கள். லூரை மாற்றினால் திருகையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். பழகும் நாட்களில் 12 அல்லது 14 பவுண்டு மோனோ போடுங்கள். சிக்கினால் பிரிக்கச் சுலபம், வெட்டி எறிந்தாலும் வயிறு எரியாது.

படி 6: ஜோடி சேர்த்தல்

முதல் ஜோடி: 7 அடி, மீடியம், ஃபாஸ்ட் ஸ்பின்னிங் ராடு, 2500 அல்லது 3000 ரீல், பிரெய்டும் ஃபுளோரோகார்பன் முனையும். ஸ்டிக் வார்ம், சின்ன டெக்சஸ் ரிக், பாப்பர் எல்லாம் இதில் போகும். குளத்துக்கு மட்டும் போகிறவர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது ஜோடி: 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் காஸ்டிங் ராடு, 7.1:1 பெய்ட்காஸ்டர், 15 பவுண்டு ஃபுளோரோகார்பன். ஏரிக்கு இதுதான் வேலைக்காரன். டெக்சஸ் ரிக், ஸ்பின்னர்பெய்ட் இரண்டுக்கும் இது. சமாளித்தால் லிப்லெஸ்ஸும் போடலாம், சில மீன் கழன்று போகும்.

மூன்றாவது உங்கள் தண்ணீரைப் பொறுத்தது. பாசி மூடிய குளமா, ஹெவி ராடு, பிரெய்டு, தவளை. பாறையும் கட்டையுமான ஏரியா, மாடரேட் ராடும் வேகம் குறைந்த ரீலும் கிராங்க்பெய்ட்டுக்கு. எது தேவை என்று முதல் இரண்டையும் வைத்துப் பிடித்தாலே தெரிந்துவிடும், அதுவரை வாங்க வேண்டாம்.

பணத்தை எங்கே போடுவது? என் கணக்கில் டெக்சஸ் ரிக் ராடுக்கும் பெய்ட்காஸ்டருக்கும். மலிவான பெய்ட்காஸ்டரில் பிரேக் சரியாக இருக்காது, பழகுகிறவர்தான் அவதிப்படுவார். கிராங்க்பெய்ட் ராடு, ஸ்பின்னிங் ரீல் இரண்டிலும் மிச்சம் பிடிக்கலாம். ஷிமானோ, டைவா, அபு கார்சியா, லூஸ் எல்லாவற்றிலும் நடுத்தர விலைப் பொருள்கள் வருடக்கணக்கில் உழைக்கும். ராடு முறிவது மீனால் இல்லை. கார் கதவும் வீட்டு மின்விசிறியும்தான் முறிக்கும்.

வாங்குவதற்கு முன் தொட்டுப் பார்க்கவும் வழி உண்டு. டெக்சஸ் மாநிலப் பூங்காக்கள் பலவற்றில் ராடு, ரீல், கொஞ்சம் சாமான் எல்லாம் இரவல் தருகிறார்கள். மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்து பிடிக்க உரிமமும் தேவையில்லை.

படி 7: நரம்பு ஏற்றுதல், முடிச்சு, டிராக்

பிரெய்டை நேராக ஸ்பூலில் கட்டினால் மொத்தச் சுருளும் வழுக்கிச் சுற்றும், டிராக் (மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் அமைப்பு) கெட்டுவிட்டதென்று நினைப்பீர்கள். அடியில் கொஞ்சம் மோனோ சுற்றிவிட்டு அதன் மேல் பிரெய்டு ஏற்றுங்கள். ஸ்பூலின் விளிம்புக்கு 1/8 அங்குலம் கீழே நிறுத்துங்கள். ஏற்றும்போது நரம்பை ஈரத்துணியால் பிடித்து இறுக்கமாக விடுங்கள்.

முள் கட்ட ஒரே முடிச்சு கற்றுக்கொள்வதென்றால் பாலோமர். நரம்பை இரண்டாக மடித்து முள்ளின் துளையில் நுழைத்துவிடுங்கள், மடித்த நரம்பாலேயே சாதாரண முடிச்சு ஒன்று தளர்வாகப் போடுங்கள், மடிப்பு வளையத்துக்குள் முள்ளை முழுக்க விட்டு எடுங்கள். எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் உரசலின் சூட்டில் நரம்பு அந்த இடத்திலேயே பலவீனமாகும், ஃபுளோரோகார்பனில் இது அதிகம்.

டிராக்கை நரம்பின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வையுங்கள். 12 பவுண்டு நரம்புக்கு மூன்று நாலு பவுண்டு இழுப்பில் ரீல் நரம்பை விட வேண்டும். தவளைக்கு மட்டும் விதிவிலக்கு, அங்கே இறுக்கமாகவே வைப்பார்கள்.

படி 8: உரிமம், மீன் கையில் வந்தபின்

டெக்சஸில் 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பொது ஏரியில் பிடிக்க உரிமம் எடுக்க வேண்டும். வழக்கமான ஆண்டு உரிமம் ஆகஸ்ட் 31 வரைதான், அதனால் ஜூலையில் எடுப்பவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் சனிக்கிழமை மட்டும் மாநிலம் முழுக்க உரிமமில்லாமல் பிடிக்கலாம். லார்ஜ்மவுத்துக்குப் பொதுவிதி 14 அங்குலத்துக்குக் குறையாமல், நாளுக்கு ஐந்து. ஏரிக்கு ஏரி மாறும்: லேக் ஃபோர்க்கில் 16 அங்குலம் வரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் 24க்குள் இருந்தால் விட்டுவிட வேண்டும், 24ஐத் தொட்டதோ தாண்டியதோ நாளுக்கு ஒன்றுதான். போவதற்கு முன் அந்த ஏரியின் விதியைப் பார்த்துவிடுங்கள். காலனிக் குளமானால் குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்புப் பலகையையும்.

லூரோடு சேர்த்து நீண்ட மூக்குக் குறடு, நரம்பு வெட்டி, அளவுப் பலகை மூன்றும் கட்டாயம். மீனைத் தொடுவதற்கு முன் கையை நனையுங்கள். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை எடுத்துவிடும். சின்ன மீனைக் கீழ்த்தாடையில் கட்டைவிரல் வைத்து நேராகத் தொங்கவிட்டுப் பிடிக்கலாம். பெரிதாக இருந்தால் இன்னொரு கையால் வயிற்றைத் தாங்குங்கள். தாடையை மட்டும் பிடித்துப் படுக்கையாகத் தூக்கினால் தாடை மூட்டு கெடும். அளக்கும்போது வாயை மூடி, மூக்கைப் பலகையின் தடுப்பில் முட்டவைத்து, வாலின் இரு முனைகளையும் சேர்த்துக் குவித்து அளக்க வேண்டும், இங்கே அதிகாரிகளும் அப்படித்தான் அளப்பார்கள். வாலைக் குவித்தால் கால் அங்குலம், அரை அங்குலம் கூடும். பதினாறை ஒட்டிய மீன் கையில் இருக்கும்போது அந்தக் கால் அங்குலத்தை வைத்துத்தான் அது கூடைக்கா தண்ணீருக்கா என்று முடிவாகும்.